பினாங்கில் கடல் கடந்த தொண்டர்

பினாங்குத் தலைநகராகிய ஜார்ஜ் டவுனில் ஃபார்க்குவார் தெரு என்று ஒரு தெரு உண்டு. அதன் ஒரு முனையில் 1818-ஆம் ஆண்டில் கட்டி முடிந்த செயின்ட் ஜார்ஜ் ஆலயம் வெண்ணிறத் தூண்களுடன் நிற்கிறது. அடுத்து, இப்பொழுது அரும்பொருட்காட்சி சாலையாக விளங்கும் பழைய பினாங்கு பிரீ ஸ்கூல் கட்டடம். சற்று நடந்தால் கத்தோலிக்கரின் தேவமாதா கோயில். அப்பால் செயின்ட் சேவியர் கல்வி நிலையம். எதிரே, கடலை நோக்கியபடி லைட் தெருக் கன்னிமாடம். கால்மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய இந்தத் தெருவில், தொலைநாடுகளிலிருந்து தொண்டு செய்ய வந்தவர்களின் வரலாறு கட்டடம் கட்டடமாக எழுந்து நிற்கிறது.

தமிழாசிரியர்கட்கு இவற்றுள் பழக்கமானது பிரீ ஸ்கூலே. 1816-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள் ஹட்சிங்ஸ் பாதிரியார் நிறுவிய அப்பள்ளியில்தான் மலாயாவின் முதல் தமிழ் வகுப்புத் தோன்றியது. மலேசியத் தமிழ்க்கல்விக்கு இருநூறு ஆண்டு நிறைந்ததென 2016-இல் விழாவெடுத்தது இக்கணக்கைக் கொண்டே. ஆனால் அந்த வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை என்பதும் யாவரும் அறிந்ததே. அது ஏன் நின்றது என்ற வினாவுக்கு, மாணவர் வரவில்லை என்று ஒரே வரியில் விடை கூறிவிடுவது வழக்கம். தொடங்கியவர் யார் என்பதையும் உடன் எண்ணிப் பார்த்தல் நன்று. ஹட்சிங்ஸ் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊதியம் பெற்ற குரு. அவருடைய மொழிப்புலமை மலாய்மொழியில். மலாய் விவிலியத்தைத் திருத்துவதில் அவர் பெரிதும் உழைத்தார். தமிழ்ப் பிள்ளைகட்கு அவர் கதவைத் திறந்து வைத்தார். அவர்கள் குடியிருப்புக்குச் சென்று அழைத்துவரும் தமிழறிந்த ஆள் அவரிடம் இல்லை.

அடுத்து வந்தோர் இலண்டன் மிஷன் சங்கத்தார். ஜான் இன்ஸ், தாமஸ் பெய்ட்டன் ஆகிய இருவர் 1819-இல் பினாங்கில் இறங்கினர். முன்னவர் சீனரிடையும் பின்னவர் மலாய்க்காரரிடையும் உழைத்தனர், பள்ளிகள் வைத்தனர். இன்ஸ் 1825-இல் காலமானார். 1842-இல் நான்கிங் உடன்படிக்கையால் சீனத் துறைமுகங்கள் திறந்தவுடன் சங்கத்தின் நாட்டம் சீனத்தின்மேல் திரும்பிவிட்டது. சீனம் செல்லக் காத்திருந்த இடமாகவே பினாங்கை அச்சங்கம் கருதியது என்று கூறினும் தவறாகாது. பெய்ட்டன் மட்டும் ஊரை விட்டு அகலாமல் 1844-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.

இனி, கன்னிமாடத்தின் கதைக்கு வருவோம். ஏழை மக்களுக்காகக் கடல் கடந்த தொண்டு என்று சொல்வதற்குப் பினாங்கில் இதைவிடத் தக்க சான்று வேறில்லை.

இச்சபையின் வேர் பிரான்சில் உள்ளது. 1662-ஆம் ஆண்டில் ரூவான் நகரை அடுத்த சிற்றூர்களில், நிக்கோலா பார்ரே என்னும் துறவி, ஏழைச் சிறுமியர்க்கு எழுத்தும் கைத்தொழிலும் கற்பிக்க இளம்பெண்கள் சிலரைத் திரட்டினார். அப்பெண்கள் தொடக்கத்தில் துறவு வார்த்தைப்பாடு கொடுத்தவர் அல்லர். தாமே விரும்பி முன்வந்த தொண்டர். நிலமோ முதலோ சேர்த்து வைத்துப் பள்ளி நடத்துவது கூடாது என்று பார்ரே பிடிவாதமாக இருந்தார். சேர்த்து வைத்தால் தொண்டு செல்வரின் உடைமையாகிவிடும் என்பது அவர் அச்சம். ஆண்பிள்ளைகளுக்கான பள்ளிகளால் பெயர்பெற்ற தெ லா சால் என்பாருக்கும் அறிவுரை கூறியவர் இவரே. பின்னர்ப் பாரிசில் சென் மோர் என்னும் தெருவில் தலைமையகம் அமைந்ததால், அச்சகோதரியர் ‘சென் மோர் அம்மையார்’ எனப் பெயர் பெற்றனர்.

சிங்கப்பூரில் இருந்த பெரெல் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தாயகம் சென்று ஆசிரியர் வேண்டுமெனக் கேட்டதன் பயனாக, தெ லா சால் சகோதரரும் சென் மோர் சகோதரியரும் 1851 டிசம்பரில் ஒரே கப்பலில் புறப்பட்டனர். கப்பலின் பெயர் ‘லா ஜூலி’. சூயஸ் கால்வாய் தோண்டப்படாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி வரவேண்டும். நாலு மாதமாகும் அப்பயணத்தில் சகோதரியரின் தலைவியார் கடலிலேயே மாண்டார். 1852 மார்ச் 29-இல் கப்பல் சிங்கப்பூரை அடைந்தது. தலைவியை இழந்த சகோதரியர் அங்கிருந்து பினாங்குக்கு வந்து சேர்ந்தனர். மொழி தெரியாது; வழிகாட்டுவாரும் இல்லை.

செய்தி பாரிசுக்கு எட்டியது. உடனே இரண்டாவது குழு புறப்பட்டது. இம்முறை எகிப்து வரை கப்பலிலும், அங்கே தரைவழியாகவும், மீண்டும் கப்பலிலுமாக ஆறு வாரத்துக்குள் வந்துவிட்டனர். 1852 அக்டோபர் 28-இல் பினாங்கில் இறங்கிய அக்குழுவின் தலைவியே மதர் மத்தில்து ரக்லோ. 1814-இல் பிரான்சின் ஒரு சிற்றூரில் பிறந்த அவருக்கு அப்பொழுது வயது முப்பத்தெட்டு. 1854 பிப்ரவரியில் அவர் சிங்கப்பூர் சென்று விக்டோரியா தெருக் கன்னிமாடத்தைத் தொடங்கினார். 1872-இல், ஐம்பத்தெட்டு வயதில், ஜப்பானுக்குக் கப்பலேறினார். 1911-இல் யோக்கஹாமாவிலேயே மறைந்தார். கீழ்நாட்டில் அவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ ஐம்பத்தெட்டு ஆண்டு. பிறந்த நாட்டில் வாழ்ந்ததைவிட அது மிகுதி.

பினாங்குச் சகோதரியர் 1859-இல் கடற்கரையோரம் ஒரு பெரிய மனையை விலைக்கு வாங்கினர். அது பினாங்கைக் கம்பெனிக்காகப் பெற்ற பிரான்சிஸ் லைட் காலத்து அரசினர் மாளிகை. ஆளுநர் இருந்த கூடத்தில் அநாதைக் குழந்தைகள் படுத்துறங்கினர்! சேர்த்து வைப்பதை அஞ்சிய பார்ரேயின் வழிவந்தவர்கள் மாளிகை வாங்கியது முரண் அன்றோ என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். அதற்கு விடை அவர்கள் நடத்திய வரவுசெலவில் இருக்கிறது.

கன்னிமாடத்தில் ஒரே கூரையின்கீழ் இரண்டு உலகங்கள் இருந்தன. ஒருபுறம் கட்டணம் செலுத்தும் பிள்ளைகள்: ஐரோப்பியர், யுரேசியர், வசதி படைத்த வணிகர் வீட்டுப் பெண்கள். மறுபுறம் அநாதைகளும் கட்டணம் தர இயலாத ஏழைச் சிறுமியரும். முன்னவர் தந்த பணத்தில் பின்னவர் உண்டனர். போதாததற்குச் சகோதரியர் தையலும் பூவேலையும் செய்து விற்றனர். அரசு மானியமோ பாரிசிலிருந்து வரும் தொகையோ மட்டும் கொண்டு இத்தனை வாய்களுக்குச் சோறிட்டிருக்க முடியாது. ஏழைக்குச் செய்யும் தொண்டைச் செல்வர் பிள்ளைகளின் கல்வி தாங்கிற்று என்பதே உண்மை. இதில் ஒரு குறையும் உண்டு. வகுப்பறை இரண்டாகப் பிரிந்தே இருந்தது. ஒரு பெண் எந்தப் பக்கத்தைச் சேர்ந்தவள் என்பதை அவள் உடையே சொல்லிவிடும் நிலை. ஆயினும், பெண்குழந்தை பிறந்தால் கைவிடும் வறுமையும் வழக்கமும் நிலவிய துறைமுகத்தில், வாயிலில் விடப்பட்ட குழந்தையை இனம் கேளாமல் எடுத்துக்கொள்ள ஓர் இடம் இருந்தது என்பதைச் சிறிதாக எண்ணுதல் தகாது.

தமிழர் நிலை என்ன? அந்தக் காலத்தில் கடலுக்கு அக்கரையில், இன்று செபராங் பிறை எனப்படும் வெல்லெஸ்லி மாநிலத்தில், கரும்புத் தோட்டங்கள் பெருகிக்கொண்டிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்து சஞ்சிக்கூலிகளாக வந்தவர்கள் அங்கே மடிந்தும் வாழ்ந்தும் உழைத்தனர். சஞ்சிமுறை 1910-இல்தான் ஒழிந்தது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்க வேண்டும் என்ற கட்டாயம், பள்ளிப் பருவத்துப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் என்ற நிபந்தனையோடு, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில்தான் தெளிவாக வந்தது. அதுவரை ஆயாக் கொட்டகையும் வெட்டுக்காடுமே அவர்கட்குப் பாடசாலை. லைட் தெருவிலிருந்து அந்த லயங்கள் கூப்பிடு தொலைவில் இருந்தும், இடையில் ஓர் ஆழமான கடல் இருந்தது. நீர்க்கடலைச் சொல்லவில்லை, மொழிக்கடலைச் சொல்வது. கன்னிமாடத்தின் பயிற்றுமொழி ஆங்கிலம். அங்கே வளர்ந்த தமிழ்ச் சிறுமிக்குச் சோறும் தொழிலும் வாழ்வும் கிடைத்தன; அவள் தாய்மொழி கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

இந்த இடத்தில் புதுச்சேரியை நினைத்தல் பொருந்தும். பினாங்குக்கும் புதுச்சேரிக்கும் உள்ள உறவு பலருக்கு வியப்பளிக்கும். பாரிஸ் வேதபோதக சபையார் சயாமில் நடத்திய குருமடம், போருக்கஞ்சி இடம் மாறி மாறி, 1770-இல் புதுச்சேரிக்கு அருகே வீராம்பட்டினத்தில் வந்து தங்கிற்று. அகழ்வாராய்ச்சியால் புகழ்பெற்ற அரிக்கமேடு இருக்கும் அதே வட்டாரம் அது. 1782-இல் அங்கே மூடப்பட்ட அக்குருமடம் 1808-இல் பினாங்கில் மீண்டும் உயிர்பெற்றது. அதில் ஆசிரியராக இருந்தவர்களுள் சிலர் கொரியாவில் 1839-இல் உயிர்துறந்தனர். ஆக, ஒரே சபையின் இரு கைகளாகப் புதுச்சேரியும் பினாங்கும் இருந்தன.

அந்தப் புதுச்சேரியில் நடந்ததைப் பாருங்கள். துப்புயி என்ற பிரெஞ்சுப் பாதிரியார், சக குருவான முஸ்ஸே என்பாருடன் சேர்ந்து தமிழ்–பிரெஞ்சு அகராதி தொகுத்தார். 1855-இலும் 1862-இலும் அது இரு தொகுதிகளாக வெளிவந்தது. அகராதி வெளிவரும் முன்பே, 1844-இல், தமிழ்ப் பெண்களையே சேர்த்து ஒரு கன்னியர் சபையைத் தோற்றுவித்துச் சிறுமியர்க்குப் பள்ளி திறந்தார். பாரிசிலிருந்து ஆசிரியைகள் வரட்டுமென்று அவர் காத்திருக்கவில்லை. ஊர்ப்பெண்கள் ஊர்மொழியில் கற்பித்தனர். பெண்கல்வி என்றாலே முகஞ்சுளித்த காலம் அது என்பதை மறக்கலாகாது. பினாங்கில் எட்டு ஆண்டுக்குப் பின் தொடங்கிய பணி, கப்பல் கொண்டுவந்த ஆட்களையே நெடுங்காலம் நம்பியிருந்தது. இரு பணிகளும் ஒரே அன்பில் பிறந்தவைதாம், வழி வேறு.

மலாயாவிலும் தமிழ் கற்றுத் தமிழரிடையே வாழ்ந்த பிரெஞ்சுக் குருமார் இல்லாமலில்லை. பின்னாளில், 1896 முதல் 1904-இல் மறையும்வரை, மலாக்கா மேற்றிராணியாராக இருந்த ரெனே ஃபே அவர்களுள் ஒருவர். 1880-களில் அவர் வடபேராக்கின் பாகான் செராய்ப் பகுதியில் தமிழ்க் கத்தோலிக்கருக்கு நிலம் தேடி, சூசைப்பாளையம் என்னும் குடியிருப்பை உருவாக்கினார். தோட்டத்துரைக்கோ கங்காணிக்கோ கடன்படாமல் சொந்த நிலத்தில் பயிரிடும் தமிழர் அங்கே தோன்றினர். பெயரைப் பாருங்கள்: புனித சூசையப்பர் பெயரோடு பாளையம் என்ற தமிழ்ச்சொல் ஒட்டிக்கொண்டது. கூலிக்காரனுக்குச் சோறிடுவதைக் காட்டிலும் அவனுக்கு மண்ணைத் தேடித் தருவது பெரிய உதவி என்பதை ஃபே உணர்ந்திருந்தார்.

மதமாற்றம் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டு இக்கதையை எழுதுவது நேர்மையாகாது. அநாதைச் சாலையில் வளர்ந்த குழந்தைகள் கிறித்தவராகவே வளர்ந்தனர். சகோதரியர் அதை மறைக்கவுமில்லை. அவர்கட்கு அறமும் மறையும் ஒன்றே. தமிழ் இந்துக்கள் இதற்கு வெறும் புலம்பலால் விடை கூறவில்லை. பினாங்கு ஸ்காட்லந்து சாலையில் இராமகிருஷ்ண ஆசிரமம் அநாதை இல்லமும் தமிழ்ப்பள்ளியும் நடத்தியது. நல்ல போட்டி என்பது இதுதான்.

இந்நாளில் கடல் கடந்த தொண்டின் உருவம் மாறிவிட்டது. விமானம் வந்தபின் நான்கு மாதப் பயணம் ஒரு நாளாயிற்று. ஐம்பது ஆண்டுத் தொண்டு இரண்டு வாரமாயிற்று. விடுமுறையில் இளைஞர் குழுக்கள் வந்து பள்ளிச்சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, பிள்ளைகளுக்குப் பாட்டும் விளையாட்டும் காட்டிவிட்டுத் திரும்புகின்றன. மத்திய அமெரிக்காவில் ஹொண்டூராஸ் நாட்டை 1998-இல் ஒரு பெரும்புயல் அழித்தபோது இத்தகைய குழுக்கள் சென்று வீடு கட்டிக் கொடுத்தன. அங்கேயே வாழ்ந்த கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலார் அதை ஆராய்ந்து 2006-இல் எழுதினார். ஒரு குழு வந்துபோக ஏறத்தாழ முப்பதாயிரம் டாலர் செலவு. கட்டிய வீட்டின் விலை இரண்டாயிரம் டாலர். உள்ளூர்க் கொத்தனார் கட்டிய வீட்டில் குடியிருந்தோருக்கும் வெளிநாட்டார் கட்டிய வீட்டில் குடியிருந்தோருக்கும் வாழ்வில் வேறுபாடு ஒன்றும் காணப்படவில்லை. வந்து சென்ற தொண்டரிடத்தும், தாம் எதிர்பார்த்த அளவு மாற்றம் நிலைக்கவில்லை என்று அவர் கண்டார். அந்தப் பணத்தை அனுப்பியிருந்தால் பதினைந்து வீடு எழும்பியிருக்கும் என்பது எளிய கணக்கு. ஆனால் பயணம் இல்லையேல் அப்பணம் திரண்டிருக்குமா என்பது அவ்வளவு எளிய கணக்கன்று. தாமே நேரிற் காணாத துயரத்துக்குப் பணம் தருவோர் எந்நாட்டிலும் சிலரே.

பினாங்கு மலையாளரும் தமிழரும் சீனருமான கிறித்தவ இளைஞர் இன்று தாமே அண்டைநாடுகளுக்குத் தொண்டராகச் செல்கின்றனர். அவர்கட்கு லைட் தெரு மாடத்தின் ஏடுகள் ஒரு பாடநூல். முதற்குழுவின் தலைவி வழியிலேயே இறந்தார். வந்தவர்கட்கு மொழி வராது. முதல் மாதங்களில் அவர்களால் ஊருக்கு விளைந்த நன்மை மிகச் சிறிதாகவே இருந்திருக்கும். இரண்டே வாரத்தில் அவர்கள் திரும்பியிருந்தால் எழுதுவதற்கு ஒன்றும் இராது.

பிரெஞ்சு, ஐரிஷ் சகோதரியரின் இடத்தில் பையப்பைய மலேசியப் பெண்கள் அமர்ந்தனர். அதற்குள் கன்னியர் தமிழையும் கைவிட்டுவிடவில்லை என்பதற்குப் பேராக்கில் சான்றுகள் உள. தைப்பிங்கில் செயின்ட் திரேசா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி. ஈப்போவில் செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி. இவை தேசிய மாதிரித் தமிழ்ப்பள்ளிகளாகி, பாடத்திட்டமும் ஆசிரியரும் அரசைச் சார்ந்தபின்பும் பழைய பெயரை விடவில்லை. அப்பள்ளிகளில் பயிலும் பிள்ளைகளுள் மிகப்பெரும்பாலோர் இந்துக்கள். காலைக்கூட்டத்தில் அவர்கள் தங்கள் பள்ளியின் பெயரை உரக்கச் சொல்லும்போது, பிரெஞ்சு நாட்டுத் தெருவொன்றில் தொடங்கிய சொல் தமிழ் ஒலியில் வந்து முடிகிறது.