அடகு வைத்த போர்வையும் 'நீதி' என்னும் சொல்லும்

தனுவச்சபுரம், பாறசாலைப் பக்கத்துக் கிறிஸ்தவ இல்லங்கள் சிலவற்றில் இரண்டு வேதப் புத்தகங்கள் இருக்கக் காணலாம். பாட்டி வாசிப்பது தமிழ். பேரன் வாசிப்பது மலையாளம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகாவோ கேரளத்தில் நின்றது. எழுத்து வேறாயினும் ஒரு சொல்லில் பாட்டியும் பேரனும் வேறுபடுவதில்லை. இரு நூல்களிலும் அது 'நீதி'யே.

நீதி என்றதும் நமக்கு நீதிமன்றமும் தண்டனையும் நினைவுக்கு வருகின்றன. மூலமாகிய எபிரேயத்தில் அச்சொல் செதெக் என்றும் செதாக்கா என்றும் வழங்கும். வழக்குத் தீர்க்கும் பொருளும் அதற்கு உண்டு. ஆயினும் அது ஒரு பகுதியே. தராசும் படிக்கல்லும் செதெக் உடையனவாய் இருத்தல் வேண்டும் என்கிறது லேவியராகமம் 19-ஆம் அதிகாரம். இருக்கவேண்டியபடி இருப்பது என்பதே கருத்து. மனிதரிடத்திலோ, உறவு கேட்கும் கடமையைத் தவறாது செய்வதே அது. ஆதியாகமம் 38-இல் வரும் தாமாரின் கதை, பிள்ளைகளுக்குச் சொல்ல நாம் தயங்கும் கதைதான். மருமகளைச் சுட்டெரிக்கத் தீர்ப்பளித்த யூதா, தன்னைவிட அவளே நீதியுள்ளவள் என்று முடிவில் ஒப்புக்கொள்கிறான். அவளுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாதவன் அவனே அன்றோ!

தெய்வத்தின் செதாக்காவும் இத்தகையதே. ஏசாயாவின் நூலில் அச்சொல் இரட்சிப்பு என்னும் சொல்லோடு இணையாக வருகிறது. தம் மக்களோடு செய்த உடன்படிக்கையை மறவாது மீட்க வருதலே அவருடைய நீதி.

உபாகமம் 24-ஆம் அதிகாரம் இன்னும் தெளிவாகப் பேசுகிறது. ஏழை தன் போர்வையை அடகு வைத்தால், பொழுது சாயும்போது அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவன் அதைப் போர்த்துத் துயில, அச்செயல் கொடுத்தவனுக்குச் செதாக்கா ஆகும். ஒரு துணியில் மானம் அடங்கியிருப்பதைத் தென் திருவிதாங்கூர் மண் நன்கறியும். தோள்சீலைப் போராட்டத்தின் பின் 1859-இல் அரசர் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா நாடார் பெண்டிர் மார்பை மறைக்க இசைந்தார். அப்போதும் மேல்சாதிப் பெண்டிரைப்போல் உடுத்தலாகாது என்னும் தடையை அவர் நீக்கினாரல்லர்.

பிற்கால எபிரேயத்தில் செதாக்கா என்பது ஏழைக்கு ஈவதையே குறிக்கலாயிற்று. தமிழருக்கு இது வியப்பன்று. நம் அறம் என்னும் சொல் நல்லொழுக்கத்தையும் ஈகையையும் ஒருங்கே குறிக்கிறது. வாசலில் நிற்பவர் 'தருமம்' என்றே கேட்கிறார். நம் மனத்தில் அது கொடுப்போன் விருப்பமாகிவிட்டது; எபிரேயர்க்கு அது செலுத்தவேண்டிய கடன்.

நம் அன்பர் ஒருவர் அயலூரில் கட்டட வேலை செய்து, இரு மாதக் கூலிக்காகப் பலமுறை நடந்தார். இறுதியில் கூலியைக் கொடுத்தவர் ஏதோ தருமம் செய்வார்போலப் பேசினாராம். உபாகமத்தில் போர்வையை அடுத்து வருவது கூலியே. கூலியாள் உன் சகோதரனாயினும் உன் ஊரில் தங்கிய அந்நியனாயினும், அன்றைய கூலியை அன்றே, கதிரவன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்று அங்கே விதித்திருக்கிறது.