கிரேக்க மொழியில் மூவிடப் பெயர்கள்

பழங் கிரேக்கத்தைக் கற்கப் புகும் தமிழ் மாணவர்க்குக் கிடைப்பன பெரும்பாலும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட இலக்கண நூல்களே. அவற்றின் வழிச் செல்வோர், ஒவ்வொரு வினைக்கும் முன்னே ‘நான்’, ‘நீ’ என்னுஞ் சொற்களைத் தேடி இடர்ப்படுவர். தாய்மொழி இலக்கணத்தை மறவாதிருப்பின் அவ்விடர் பெரிதும் நீங்கும் என்பதே நாம் ஈண்டுக் காட்டப் புகுவது.

‘கிரபோ’ என்னும் ஒரு சொல்லே ‘எழுதுகின்றேன்’ எனப் பொருள்படும். ‘கிரபெயிஸ்’ என்பது ‘எழுதுகின்றாய்’ ஆகும். ‘வந்தேன்’ என்னுமிடத்து ‘நான்’ தோன்றா எழுவாயாய் நிற்றல் போல, ஆங்கும் விகுதியே இடத்தை உணர்த்துகின்றது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. ‘எழுதுகின்றான்’, ‘எழுதுகின்றாள்’ எனத் தமிழ் விகுதி பாலையுங் காட்டும். ‘கிரபெய்’ என்னும் கிரேக்கப் படர்க்கை வினையோ பாலைக் காட்டாது. எழுதுவோர் ஆணோ பெண்ணோ என்பதை முன்பின் நோக்கியே அறிதல் வேண்டும்.

அங்ஙனமாயின், தன்மை ஒருமையாகிய ‘எகோ’, முன்னிலை ஒருமையாகிய ‘சு’, இவற்றின் பன்மைகளாகிய ‘ஹேமெயிஸ்’, ‘ஹூமெயிஸ்’ என்பன எழுவாயாக வருவது எதன்பொருட்டு? பெரும்பாலும் அழுத்தத்திற்கும் வேறுபடுத்தற்குமே. ‘எகோ மென் கிரபோ, சு தெ லெகெயிஸ்’ என்பது, ‘நானோ எழுதுகின்றேன், நீயோ பேசுகின்றாய்’ என நிற்கும். ஆகவே, இப்பெயர்களை எழுவாயாகக் காணுந்தோறும், ஆசிரியர் இதனை ஏன் வெளிப்பட வைத்தார் என வினவுதல் வேண்டும். வினவாது கடப்பின் சொற்பொருள் விளங்கும், கருத்து நழுவிவிடும்.

‘நான்’ என்பது உருபேற்குங்கால் ‘என்’ எனத் திரிதல் போல, ‘எகோ’ என்பதும் திரியும். ஆறாம் வேற்றுமையில் ‘எமூ’, நான்காம் வேற்றுமையில் ‘எமொய்’, இரண்டாம் வேற்றுமையில் ‘எமெ’ என வரும். அழுத்தம் வேண்டாவிடத்து இவை ‘மூ’, ‘மொய்’, ‘மெ’ எனக் குறுகி, முன்னுள்ள சொல்லைச் சார்ந்து ஒலிக்கும். ‘என்னையே’, ‘என்னை’ என்பவற்றிடையே உள்ள வேறுபாட்டை ஒப்பது இது.

படர்க்கையில் ‘அவுத்தொஸ்’ என்னுஞ் சொல் மாணவரை மயக்கும். இதனை மூன்றாகப் பகுத்துக் கொள்க. ‘அவுத்தொஸ் ஹொ பசிலெவுஸ்’ என்பது ‘அரசன் தானே’ எனப்படும். ‘ஹொ’ முன்னே சென்று ‘ஹொ அவுத்தொஸ் பசிலெவுஸ்’ என வரின் ‘அதே அரசன்’ என்பதாம். எழுவாயல்லாத வேற்றுமைகளில் தனித்து வரின், ஈற்றுக்கேற்ப ‘அவனை’, ‘அவளுக்கு’ என்றாற்போலப் பொருள் தரும்.

தமிழிற் பெயர்ப்போர் மற்றொன்றையுங் கருதல் வேண்டும். நமது ‘நாம்’, ‘நாங்கள்’ என்னும் இரண்டற்கும் கிரேக்கத்தில் ‘ஹேமெயிஸ்’ ஒன்றே. கி.மு. 399இல் கொலைத்தண்டம் பெற்றுச் சிறையிலிருந்த சோக்கிரதரைப் பற்றிய பிளேட்டோவின் ‘கிரீத்தோ’வைப் பார்ப்போம். சோக்கிரதர் நண்பரோடு கூடி ஆராயும்பொழுது அச்சொல் ‘நாம்’ ஆகும். ஏதென்ஸ் நகரச் சட்டங்கள் உருக்கொண்டு அவரிடம் வழக்குரைக்கும்பொழுது அதுவே ‘நாங்கள்’ ஆகும். மேலும், பழங் கிரேக்கர் அரசனையும் ஏவலாளனையும் ஒப்பச் ‘சு’ என்றே விளித்தனர். அதனை ‘நீ’ எனப் பெயர்ப்பதோ ‘நீர்’ எனப் பெயர்ப்பதோ என நாமே துணிதல் வேண்டும்.

பிற்காலத்தில் ‘ஹேமெயிஸ்’, ‘ஹூமெயிஸ்’ இரண்டும் ‘இமிஸ்’ என ஒன்றாய் ஒலிக்கலாயின. இன்றைய கிரேக்கர் தன்மைப் பன்மையை ‘எமிஸ்’ எனவும், முன்னிலைப் பன்மையை ‘எசிஸ்’ எனவும் வேறுபடுத்தி வழங்குகின்றனர். ‘எசிஸ்’ என்பது நமது ‘நீங்கள்’ போல ஒருவரைக் குறிக்கும் மதிப்புச் சொல்லுமாகும்.

ஆதலின், தொடங்குவோர் ஆங்கில வாய்பாட்டை மனனஞ் செய்வதோடு அமையாது, ஒவ்வொரு வடிவத்தையும் தமிழோடு ஒப்பிட்டுப் பயில்க. இளமையிற் கற்ற இடமும் எண்ணும் வேற்றுமையும் கிரேக்கத்திலும் நமக்குக் கைகொடுக்கும்.