கணவாய்க்கு அப்பால் வேறு பறவை

பாலக்காட்டுக் கணவாயின் அகலம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். அதற்கு வடக்கே நீலகிரியில் ஒரு வகைச் சிரிப்பான். தெற்கே ஆனைமலை, பழனிமலைச் சோலைகளில் வேறோர் இனம். செங்கோட்டைக் கணவாயையும் தாண்டினால் அகத்தியமலைப் பக்கம் மூன்றாவது இனம். வயநாட்டின் பாணாசுர மலையில் நான்காவது. சோலைக்காட்டுக் குளிருக்குப் பழகிய இந்தப் பறவைகள் சூடான தாழ்நிலத்தில் இறங்குவதில்லை. பிரிந்த கூட்டங்கள் காலப்போக்கில் தனித்தனி இனங்களாயின. நடந்தே கடக்கக்கூடிய யானையின் மரபணுவில்கூட பாலக்காட்டுக் கணவாயின் தடம் தெரிகிறது.

எந்த உயிர் எங்கே வாழ்கிறது, ஏன் அங்கே மட்டும் வாழ்கிறது என்று ஆராய்பவர்கள் உயிர்ப்புவியியலாளர்கள். சில கேள்விகளுக்கு அவர்கள் கடல் தாண்டித்தான் விடை தேட வேண்டியிருக்கிறது. இடுக்கியிலிருந்து 2003இல் அறிவிக்கப்பட்ட ஊதாத் தவளையின் குடும்பத்துக்கு நெருங்கிய உறவுகள் இருப்பது செஷல்ஸ் தீவுகளில். இரு நிலங்களும் ஒன்றாக ஒட்டியிருந்த காலத்து உறவு அது.

இந்தத் தவளை இன்னொன்றையும் சொல்கிறது. மண்ணுக்குள் வாழ்ந்து, மழைக்காலத் தொடக்கத்தில் சில நாட்கள் மட்டும் வெளியே வருவது இது. இதன் தலைப்பிரட்டை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பதிவாகியிருந்தும், வளர்ந்த தவளை 2003இல் அறிவிக்கப்படும் வரை அறிவியலின் கண்ணில் படவே இல்லை. அதுவரை வரைபடத்தில் அந்த இடம் காலி. தவளையோ அங்கேயேதான் இருந்தது.

பரவல் வரைபடங்களின் பெரிய பலவீனம் இதுதான். பதிவுகள் சாலையோரத்திலும் சுற்றுலாத் தலங்களிலும் குவிகின்றன. மழையில் யாரும் ஏறாத சரிவுகள் வெற்றிடமாகவே நிற்கின்றன. அந்த வெற்றிடத்தை ‘இங்கே இல்லை’ என்று படித்துவிட்டால், அணையோ சாலையோ கேட்பவர்களுக்கு அதைவிட வசதி வேறில்லை. பழைய அருங்காட்சியக மாதிரிகளும் பெரிதாகக் கைகொடுப்பதில்லை. பலவற்றின் சீட்டில் ‘தென்னிந்தியா’ என்பதற்கு மேல் ஒன்றும் இருக்காது. வெப்பநிலை, மழையளவைக் கொண்டு கணினியே இடைவெளியை நிரப்பிவிடும் என்பாரும் உண்டு. ஆனால் கணவாய்க்கு இருபுறமும் ஒரே குளிர், ஒரே மழை, பறவைதான் வேறு. அந்த வேறுபாட்டைத் தட்பவெப்பக் கணக்கு மட்டும் சொல்லாது.

உள்ளூர் வாசகர்கள் இதில் உதவ முடியும். பறவையோ தவளையோ தேடிப் போகிறவர்கள் இடம், உயரம், தேதி மூன்றையும் குறிக்க வேண்டும். தேடியும் கிடைக்காத இடங்களையும் அப்படியே எழுதி வைக்க வேண்டும்.