தோழிப்பெண்ணுக்குக் கட்டைச் சட்டை: அளவெடுக்கும் முன் பேச வேண்டியவை

பள்ளிக்கூட விடுமுறை தொடங்கினால் கேட்டியில் எம்மவர் வீடுகளுக்குக் கலியாண அழைப்பிதழ்கள் வரத் தொடங்கிவிடும். இப்போதெல்லாம் அழைப்பிதழோடு ஒரு கேள்வியும் சேர்ந்து வருகிறது.

"அம்மா, என்னைத் தோழிப்பெண்ணா நிக்கச் சொல்லிக் கேக்கினம். முழங்கால் மட்டும் வாற சட்டையாம். போடலாமோ?"

மகள் கேட்பது சட்டையைப் பற்றித்தான். ஆனால் வீட்டில் தொடங்குவது பெரிய வழக்கு. தகப்பன் ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம், தொலைபேசியில் ஊரிலிருந்து அம்மம்மா இன்னொரு பக்கம். எல்லோரும் நீளத்தைப் பற்றியே கதைக்கிறோம். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டைக்கு யார் காசு கொடுப்பது? அதை யாரும் கதைப்பதில்லை.

எமது தோழியும் அவர்களது தோழியும்

எமது சைவக் கலியாணத்தில் தோழி ஒருத்திதான். பெரும்பாலும் மாப்பிள்ளையின் சகோதரி. பெண்ணின் சகோதரன் தோழனாக நின்று மாப்பிள்ளையின் காலைக் கழுவி வரவேற்பான். மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். தோழி மணவறையில் பெண்ணோடு கூடவே நிற்பாள். இரண்டு குடும்பமும் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு அது.

அமெரிக்க வழக்கம் வேறு. பெண்ணின் சிநேகிதிகள் நாலு பேரோ ஆறு பேரோ ஒரே நிறத்தில் உடுத்தி வரிசையாக வருவார்கள். 1840 பெப்ரவரியில் விக்டோரியா மகாராணியின் கலியாணத்தில் பன்னிரண்டு இளம்பெண்கள் அவரது நீண்ட அங்கியைத் தாங்கிச் சென்றார்கள். பன்னிரண்டு பேரை ஒரே மாதிரி உடுத்துவது அரண்மனைக்குக் கஷ்டமில்லை. மணித்தியாலக் கூலிக்கு நிற்கும் குடும்பங்களுக்கு அப்படியா?

இருபது மணித்தியாலச் சட்டை

ஊரில் தோழிக்குச் சேலை எடுத்துக் கொடுப்பது கலியாண வீட்டாரின் பொறுப்பு. அமெரிக்காவில் தோழிப்பெண் தன் சட்டையைத் தன் காசில் வாங்குவதே பொது வழக்கம். இது அவர்களுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. புதிதாக வந்த எமக்கோ, கடையில் பற்றுச்சீட்டு நீட்டும்போதுதான் தெரிய வருகிறது.

கணக்குப் பார்ப்போம். டெக்சாஸில் ஆகக் குறைந்த கூலி மணிக்கு 7 டொலர் 25 சதம். 2009 யூலையில் வந்த இந்தத் தொகை இன்னும் ஏறவில்லை. ஒரு சட்டை 145 டொலர் என்று வைத்துக்கொண்டால், அது இருபது மணித்தியால வேலை. வரி கழித்தால் இன்னும் கூட. அதற்குமேல் சப்பாத்து, தையல்கூலி, தலை அலங்காரம், பெண்ணுக்குப் பரிசு. தொழிற்சாலையில் பொதி கட்டும் வரிசையில் நிற்கும் எமக்கு இது ஒரு கிழமைச் சம்பளத்தை விழுங்கிவிடும்.

பிள்ளை 'காசில்லை' என்று சொல்ல வெட்கப்படுகிறாள். 'அப்பா விடமாட்டார்' என்று சொல்லி விலகுகிறாள். அங்கே தமிழ்த் தகப்பன்மார் கொடுமைக்காரர் என்ற பெயர்; இங்கே ஒரு நல்ல சிநேகிதம் முறிகிறது. சட்டையின் நீளம் பாவம், பழியைச் சுமக்கிறது!

இந்த விஷயத்தில் எம்மோடு வேலை செய்யும் மெக்சிக்கோ நாட்டவரிடம் நாம் பாடம் படிக்கலாம். அவர்கள் கலியாணத்தில் 'பத்ரீனோ' என்று சிலரை நியமிப்பார்கள். ஒருவர் கேக், ஒருவர் மோதிரம், ஒருவர் பாட்டுக்காரர் என்று செலவைப் பங்கு போட்டுக்கொள்வார்கள். முன்கூட்டியே வெளிப்படையாகக் கேட்பார்கள். அதில் யாருக்கும் மானம் போவதில்லை. எமது சாமத்தியச் சடங்கைப்போல அவர்களும் பெண்பிள்ளைக்குப் பதினைந்து வயதில் பெருவிழா எடுப்பார்கள். அதிலும் தோழிப்பெண்கள் உண்டு. எமது பிள்ளைகளுக்கும் அந்த அழைப்பு வரும். அதற்கும் சட்டைச் செலவை முதலே கேட்டு அறிவது நல்லது.

நீளத்தை எப்படித் தீர்மானிப்பது?

கட்டைச் சட்டை என்றாலே ஒழுக்கக் குறைவு என்று எமது பெரியவர்கள் நினைக்கலாம். 1942இல், உலகப் போர்க் காலத்தில், அமெரிக்க அரசு பெண்களின் உடைக்கு எவ்வளவு துணி செல்லலாம் என்று கட்டளை போட்டது. பாவாடையின் நீளமும் சுற்றளவும் குறைந்தன. மணப்பெண்ணின் கலியாண உடைக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். துணித் தட்டுப்பாட்டாலும் சட்டை கட்டையாகும். தட்டுப்பாடு என்றால் என்ன என்று எமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆகவே, "எவ்வளவு நீளம்?" என்று கேட்பதற்கு முன் "எங்கே நிற்கப் போகிறாள்?" என்று கேட்போம். பெயர்லாண்டில் உள்ள மீனாட்சி கோயிலில் தாலிகட்டு என்றால் நிலத்தில் சம்மணம் கட்டி இருக்கவேண்டும், விழுந்து கும்பிடவேண்டும். அங்கே கட்டைச் சட்டை பிள்ளைக்கே அந்தரம். பாவாடை தாவணியோ பஞ்சாபியோ சுகம். மாலையில் மண்டபத்தில் கதிரையில் இருந்து, எழும்பி, ஆடிப்பாடும் வரவேற்புக்குக் கட்டைச் சட்டை வசதி. அதுவும் எமது ஆவணி வெயிலில், காலைச் சுற்றாத சட்டை பெரிய ஆறுதல்.

கடையில் நின்றபடி மட்டும் கண்ணாடியில் பார்க்கக்கூடாது. கதிரையில் இருந்து பார்க்கட்டும். குனிந்து நிலத்திலிருந்து ஒரு பூவை எடுத்துப் பார்க்கட்டும். கையைத் தூக்கிப் பார்க்கட்டும். இந்த மூன்றிலும் பிள்ளை சட்டையை இழுத்து இழுத்து விடுகிறாள் என்றால் அது அவளுக்குச் சரிவராது. முழங்காலுக்கு நாலு விரல் கீழே நிற்கும் சட்டை பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒத்துவரும். ஐந்து பேர் ஐந்து உயரம் என்றால் எல்லோருக்கும் ஒரே அங்குலம் வெட்டக்கூடாது. ஒவ்வொருத்தியின் முழங்காலிலிருந்து அளந்தால்தான் வரிசையில் ஒழுங்காகத் தெரியும்.

நிறத்தையும் கவனியுங்கள். வெள்ளை இங்கே மணப்பெண்ணுக்கு மட்டும் உரியது. கறுப்பை இந்த நாட்டவர் நாகரிகம் என்று தோழிப்பெண்களுக்குப் போடுவார்கள். எமது வீட்டுப் பெரியவர்களுக்கு மனம் கூசும். இதை முதலே பெண்ணிடம் சொன்னால் அவள் வேறு நிறம் பார்ப்பாள்.

காசு கொடுக்கும் முன்

கலியாண உடுப்புக் கடைகளின் அளவு இலக்கம் சாதாரணக் கடை இலக்கத்தோடு ஒத்துப்போகாது. வழமையில் எட்டு போடுபவளுக்கு அங்கே பத்தோ பன்னிரண்டோ தேவைப்படலாம். இலக்கத்தை நம்பாமல் நாடா வைத்து மார்பு, இடுப்பு, இடை அளந்து கொடுங்கள். எல்லாச் சட்டையையும் ஒரே நாளில் ஓடர் பண்ணினால்தான் நிறம் ஒன்றாக வரும். பிந்திச் சாயம் போட்ட துணி சற்று மாறித் தெரியும்.

தைத்து அனுப்பும் சட்டைகள் வர மாதக்கணக்காகும். 2017 யூலையில் அல்பிரட் ஏஞ்சலோ என்ற பெரிய கலியாண உடுப்புக் கம்பனி வங்குறோத்தாகி, நாடு முழுவதும் இருந்த தன் கடைகளைத் திடீரெனப் பூட்டியது. காசு கட்டிய மணப்பெண்களும் தோழிப்பெண்களும் பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றார்கள். பெரிய பெயர்ப்பலகை பாதுகாப்பல்ல என்பதை அது காட்டியது. பற்றுச்சீட்டைப் பத்திரமாக வையுங்கள். இயலுமானால் கடனட்டையில் கட்டுங்கள். 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பொருள் வந்து சேராவிட்டால், கணக்குச் சீட்டு அனுப்பப்பட்ட 60 நாட்களுக்குள் கடனட்டைக் கம்பனிக்கு எழுத்தில் முறையிடலாம். அந்தச் சட்டம் டெபிட் அட்டைக்குப் பொருந்தாது.

மலிவாகச் செய்ய வேறு வழியும் உண்டு. ஹில்குரொப்ட் வீதியில், 2010 முதல் மகாத்மா காந்தி வட்டாரம் என்று அழைக்கப்படும் பகுதியில், சேலைக் கடைகள் இருக்கின்றன. ஒரே நிறத்தில் துணி எடுத்து, தைக்கத் தெரிந்த எம்மவர் ஒருவரிடம் கொடுக்கலாம். கட்டைச் சட்டைக்குத் துணியும் குறைவு, வேலையும் குறைவு. பிறகு கோயிலுக்கோ வேலைக்கோ போடக்கூடியதாகவும் தைப்பிக்கலாம்.

கலியாண வீட்டாருக்கு ஒரு வார்த்தை

இனி எமது வீடுகளிலும் தோழிப்பெண்கள் வரிசையாக நிற்கப் போகிறார்கள். அப்போது பிற வழக்கங்கள் எதை எடுத்தாலும், தோழிக்கு உடுப்பு எடுத்துக் கொடுக்கும் எமது ஊர் வழக்கத்தைக் கைவிடவேண்டாம். எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்க வசதியில்லையா? தோழிப்பெண்கள் இரண்டு பேர் போதும். அல்லது நிறத்தை மட்டும் சொல்லிவிட்டு, பெட்டியில் உள்ளதை அவரவர் உடுத்தி வரட்டும்.

சட்டையைத் தெரிவு செய்யும்போது, அந்த வரிசையில் ஆகக் குறைந்த சம்பளக்காரியின் மகளிடம் முதலில், தனியாகக் கேளுங்கள். அவளுக்கு இயலும் விலையும், அவளுக்குக் கூச்சமில்லாத நீளமும் மற்றவர்களுக்கும் பொருந்தும். இன்னும் அழைப்பிதழ் அடிக்கவில்லை என்றால், இந்தக் கிழமையே அந்தப் பிள்ளையோடு கதைத்துப் பாருங்கள்.