பிராசசர் செத்துப்போச்சுன்னு யார் சொன்னது?

போன மே மாசம், மத்தியானம் ரெண்டு மணி, ரூம்ல 36 டிகிரி. ஒரு கல்யாண வீடியோவை ரெண்டர் போட்டுட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தா ஸ்க்ரீன் கறுப்பு. எர்ரர் மெசேஜ் இல்லை, ப்ளூ ஸ்க்ரீன் இல்லை, யாரோ பிளக்கைப் பிடுங்கின மாதிரி. ஆன் பண்ணி மறுபடி ரெண்டர் போட்டேன். பத்து நிமிஷத்துல திரும்பவும் அதே கதை. டெலிவரி மறுநாள் காலைல. வாங்கின அட்வான்ஸ் ஏற்கெனவே வாடகைக்குப் போயாச்சு.

பக்கத்துத் தெரு கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். அண்ணன் ஆன் பண்ணிப் பார்த்துட்டு, "பிராசசர் செத்துப்போச்சு தம்பி. போர்டோட மாத்திடலாம், 18,000 ஆகும்"னார். சைடு மூடியைக்கூடத் திறக்கலை. கார்டுல இஎம்ஐ போடலாமான்னு யோசிச்சுக்கிட்டேதான் வீட்டுக்கு வந்தேன்.

ஆனா ஒரு விஷயம் உறுத்துச்சு. செத்துப்போன பிராசசர் எப்படி விண்டோஸை பூட் பண்ணும்?

இன்னிக்கு வர்ற பிராசசருக்குள்ளேயே வெப்பம் அளக்கிற சென்சார் இருக்கு. இன்டெல் டெஸ்க்டாப் சிப் பலதுக்கு எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசைல பெரும்பாலானதுக்கு 95. அந்த எல்லையைத் தொட்டதும் சிப் தானே வேகத்தைக் குறைச்சுக்கும். இதைத்தான் த்ராட்லிங்னு சொல்றாங்க. அப்பவும் சூடு ஏறிக்கிட்டே போனா மொத்தமா ஆஃப் ஆகிடும். அப்படி ஆஃப் ஆகுறது பழுது இல்லை, தற்காப்பு. விண்டோஸ் ஈவென்ட் வியூவர்ல கெர்னல் பவர் 41னு ஒரு பதிவு இருக்கும். சிஸ்டம் ஒழுங்கா ஷட் டவுன் ஆகலைன்னு மட்டும்தான் அது சொல்லும், காரணத்தைச் சொல்லாது. எஸ்எம்பிஎஸ் கோளாறா இருந்தாலும் இதே பதிவுதான் வரும்.

அதனால எண்ணைப் பார்க்கணும். எச்டபிள்யூ இன்ஃபோன்னு ஒரு இலவச மென்பொருள் இருக்கு, போட்டுக்கோங்க. எத்தனை டிகிரிங்கிறதைவிட எவ்வளவு வேகமா ஏறுதுங்கிறதுதான் முக்கியம். ரெண்டர் ஆரம்பிச்சு கால் மணி நேரம் மெதுவா ஏறிக்கிட்டே போனா, காத்து சரியா போகலைன்னு சந்தேகப்படலாம்: தூசி, அடைஞ்ச கேபினட், சுத்தாத ஃபேன். ஆரம்பிச்ச அஞ்சு செகண்டுக்குள்ள எல்லையை முட்டினா, பிராசசருக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல தொடர்பே சரியில்லைன்னு அர்த்தம். இஸ்திரிப் பெட்டியைத் துணிக்கு மேல ஒரு நூல் உயரத்துல தூக்கிப் பிடிச்சா சுருக்கம் போகுமா? அதே கதைதான்.

எனக்கு சும்மா இருக்கும்போது 58. ரெண்டர் போட்ட நாலாவது செகண்டுல 100.

அப்படியும் முதல்ல தூசியைத்தான் துடைச்சேன், அதுதானே சுலபம். நீங்க ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கோங்க, கன்னாபின்னான்னு சுத்தினா பேரிங் போயிடும். இதுல குறைஞ்சது 3 டிகிரி. சைடு மூடியைக் கழட்டி வச்சு ஓட்டினேன், இன்னும் ரெண்டு. அப்போ காத்து பிரச்சினை இல்லை. மூடியைக் கழட்டினதும் சட்டுன்னு பத்து டிகிரி இறங்கியிருந்தா, சிபியுவை அடைச்சு வைக்கிற அந்தக் கம்ப்யூட்டர் டேபிள் பொந்துதான் குற்றவாளின்னு முடிவு பண்ணியிருப்பேன்.

பிளக்கைப் பிடுங்கிட்டு டார்ச் அடிச்சுப் பார்த்தேன். என்னோடது இன்டெல் பாக்ஸ்ல வர்ற கூலர். நாலு மூலைல நாலு பிளாஸ்டிக் பின். அதுல ஒண்ணு வெளிய துருத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டு மாசம் முன்னாடி வீடு மாத்தினப்போ குட்டி யானைல படுக்க வச்சுக் கொண்டுவந்தோம், அங்கதான் கழண்டிருக்கணும்.

அப்படியே அமுக்கி விடலாமேன்னு தோணும். செய்யாதீங்க. ஒரு தடவை தூக்கின பேஸ்ட்டுக்குள்ள காத்து புகுந்திருக்கும். கூலரைக் கழட்டி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல ரெண்டு பக்கமும் துடைச்சு, நடுவுல ஒரு பட்டாணி அளவு புது பேஸ்ட். கண்ணுக்கு வழவழன்னு தெரியுற உலோகத்துலயும் நுண்ணிய பள்ளங்கள் இருக்கு. அதுல நிக்கிற காத்தை விரட்டுறதுதான் பேஸ்ட்டோட வேலை. ரொட்டிக்கு ஜாம் தடவுற மாதிரி தடவினா கூடுதல் குளிர்ச்சி வராது. பின்னைப் போடும்போது எதிரெதிர் மூலையா அமுக்குங்க, 'டக்'னு சத்தம் கேட்கணும். முடிஞ்சா போர்டோட பின்பக்கம் பாருங்க, நாலு வெள்ளைக் காலும் முழுசா வெளிய வந்திருக்கணும். ஏஎம்4 ரைசன் வச்சிருக்கிறவங்க மட்டும் ஜாக்கிரதை: பேஸ்ட் காய்ஞ்சிருந்தா கூலரோட சேர்ந்து பிராசசரும் பிடுங்கிக்கிட்டு வந்துடும், அதுல பின் வளைஞ்சா பெரிய வேதனை. கொஞ்ச நேரம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் பண்ணிட்டு, லேசாத் திருகி எடுங்க.

பேஸ்ட் 250 ரூபா, ஆல்கஹால் 120. மறுபடி ரெண்டர் போட்டேன். 81 டிகிரில போய் நின்னுச்சு. நம்ம ரூமே 36ல இருக்கும்போது இது நல்ல எண்தான். ஃபேன் வச்ச எந்தக் கூலரும் ரூம் சூட்டுக்குக் கீழ இறக்காது. ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு வெளிநாட்டு யூடியூபர் காட்டுற 65ஐப் பார்த்து ஏங்காதீங்க.

லிக்விட் கூலர் வச்சிருந்தா பின்னுக்குப் பதிலா பம்ப்பைச் சந்தேகப்படுங்க. பயாஸ்ல பம்ப் வேகம் பூஜ்யம்னு காட்டுதா, ஒரு குழாய் கொதிச்சு இன்னொண்ணு சில்லுனு இருக்கான்னு பாருங்க. லேப்டாப் தனிக்கதை, அதை அடுத்த வாரம் பிரிச்சுப் பார்க்கலாம்.

ராத்திரி ரெண்டரை மணிக்கு ரெண்டர் முடிஞ்சுது. லிங்க்கை அனுப்பிட்டுத்தான் படுத்தேன்.