குற்றாலத்தில் ஒரு துண்டுச் சீட்டு

ஜூலை மாதம். குற்றாலத்தில் சாரல். ஆபீஸ் கோஷ்டி போய் இறங்குவதற்கு முன்பே ரூம் பார்க்க ஒரு நண்பரை அனுப்பிவைக்கிறீர்கள். அவரோ லாட்ஜில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறார். சீட்டில் இருப்பது இவ்வளவுதான்: 12, 3, 1500.

12 என்பது ரூம் நம்பரா, ஆள் கணக்கா? 3 நாளா, கட்டிலா? 1500 வாடகையா, அட்வான்ஸா? கேட்கலாமென்றால் மனுஷர் மெயின் அருவிக்கு அடியில். கத்தினாலும் காதில் விழாது!

கம்ப்யூட்டர்களுக்கும் இதே அவஸ்தைதான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-ல் ஜோஹோ ஆபீஸ் வந்தது. 'ஜோஹோ டெஸ்க்' அங்கே உருவானதுதான். அப்படி ஒரு கிராமத்தில் எழுதுகிற சாஃப்ட்வேர், எங்கோ அயல்தேசத்து கம்பெனியின் சாஃப்ட்வேரோடு பேச வேண்டும். வெறும் எண்ணை அனுப்பினால் யாருக்குப் புரியும்? ஒவ்வொன்றுக்கும் பெயர்ச்சீட்டு கட்டி அனுப்ப வேண்டும். இப்படி:

<பதிவு>
<அறை>12</அறை>
<நாள்>3</நாள்>
<வாடகை>1500</வாடகை>
</பதிவு>

சாய்கோடு போட்டது மூடி. டிபன் கேரியர் மாதிரி, எல்லா டப்பாவும் 'பதிவு' என்ற ஒரே கேரியருக்குள். இதுதான் எக்ஸ்.எம்.எல். தமிழில் பெயர் வைத்தாலும் செல்லும்!

இதன் தாத்தா 1969-ல் ஐ.பி.எம்.மில் பிறந்த ஜி.எம்.எல். அதை உருவாக்கிய கோல்ட்ஃபார்ப், மோஷர், லோரி மூவரின் முதலெழுத்துகள்தான் அந்தப் பெயர். 1986-ல் எஸ்.ஜி.எம்.எல். சர்வதேசத் தரமானது. 1998 பிப்ரவரியில் எக்ஸ்.எம்.எல். வந்தது.

'எனக்கென்ன சார்?' என்கிறீர்களா? நீங்கள் டைப் அடித்த வேர்டு ஃபைலை ஒரு காப்பி எடுங்கள். 'டாக்எக்ஸ்' என்ற வாலை வெட்டி 'ஜிப்' என்று மாற்றித் திறங்கள். உள்ளே இருப்பது எக்ஸ்.எம்.எல்.தான். இன்கம்டாக்ஸ் ரிட்டர்னையும் 2021 வரை எக்ஸ்.எம்.எல். ஃபைலாக ஏற்றியிருக்கிறோம், அந்த இடத்தில் இப்போது ஜேசான். அடைப்புக்குறி மாறிற்று, தத்துவம் அதேதான்.

ஆனால் பெயர் கட்டினால் மட்டும் போதாது. அந்தப் பெயருக்கு அனுப்புகிறவரும் வாங்குகிறவரும் ஒரே அர்த்தம் வைத்திருக்க வேண்டும். அதை முன்கூட்டியே பேசி, எழுதிவைக்காவிட்டால் வம்புதான்.

இதோ, நண்பர் ஈரத் தலையோடு வருகிறார். 'வாடகை 1500தானே?' என்று சந்தோஷமாகக் கேட்கிறீர்கள்.

"ஆமாம்ப்பா... ஒரு நாளைக்கு!"