பொருளைக் கடையில் விட்டாச்சு, பணம் எப்போ வரும்?



"டவுன் கடையில வச்சிட்டு வந்திருக்கோம், வித்தா பணம் குடுப்பாங்க." குழுக் கூட்டங்களில் இதை அடிக்கடி கேட்கிறோம். இதுதான் கமிஷனுக்கு விடுவது. கடைக்காரர்கள் 'கன்சைன்மென்ட்' என்பார்கள். விற்கும் வரை பொருள் நம்முடையது. விற்றதும் கடை தன் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தரும். வாடகை இல்லாமல் டவுனில் நம் பொருள் விற்கும் என்பது நல்லதுதான். ஆனால் கஷ்டமும் இதில்தான் இருக்கிறது.

நடந்தது என்ன?

நம் குழு ஒன்று சங்கத்தில் 5,000 ரூபாய் கடன் வாங்கி 60 பனை ஓலைக் கூடை முடைந்தது. ஓலை, சாயம், கூலி எல்லாம் சேர்த்து ஒரு கூடைக்கு 80 ரூபாய் அடக்கம். ஆவணி மாதம் ஒரு கடையில் வைத்தார்கள். விற்கும் விலை 150, கடைக்குக் கமிஷன் 45, நமக்கு 105 என்று பேச்சு. எல்லாம் விற்றால் 6,300 ரூபாய் வரும் என்று கணக்குப் போட்டார்கள்.

போகும்போதெல்லாம் "முதலாளி இல்லம்மா, அடுத்த வாரம் வாங்க" என்ற பதில்தான். நாலு தடவை இரண்டு பேர் நாள் கூலியை விட்டுவிட்டுப் போனார்கள். மார்கழியில்தான் கணக்கு கிடைத்தது. விற்றது 34. அதில் 20 கூடையைக் கேட்காமலே 120 ரூபாய்க்குத் தள்ளுபடியில் விற்று, குறைந்த 30 ரூபாயை நம் பங்கில் கழித்துவிட்டார்கள். திரும்பி வந்தது 18. மழை ஈரத்தில் அதில் 10 பூஞ்சை பிடித்துக் கிடந்தது. மீதி 8 எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. கைக்கு வந்தது 2,970 ரூபாய். கடனுக்கு மாதம் 50 ரூபாய் வட்டி மட்டும் தவறாமல் ஓடியது.

தவறு எங்கே?

குழுவில் 500 ரூபாய் கடன் கொடுத்தாலும் தீர்மானம் எழுதி கையெழுத்து வாங்குகிறோம். ஆனால் 4,800 ரூபாய் பொருளை ஒரு சீட்டுகூட இல்லாமல் விட்டு வந்தோம். அந்தக் கடையைக் காட்டியவர்கள் நாங்கள். எங்கள் தவறும் இதில் உண்டு.

சட்டம் நம் பக்கம்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, நமக்காக விற்றுத் தருபவர் நம் முகவர். நாம் சொன்னபடிதான் அவர் விற்க வேண்டும். மீறி நஷ்டம் வந்தால் ஈடுகட்ட வேண்டும் (பிரிவு 211). கேட்டால் கணக்குக் காட்ட வேண்டும் (பிரிவு 213). ஆனால் என்ன பேசினோம் என்று காட்ட எழுத்து வேண்டுமே!

விடும் முன் எழுதிக்கொள்ளுங்கள்

1. எத்தனை உருப்படி, என்ன நிலையில், என்ன தேதி. இரண்டு பிரதி எழுதி, கடைக்காரர் கையெழுத்துடன் ஒன்று நம்மிடம் இருக்கட்டும்.
2. விற்கும் விலை, கமிஷன், நமக்கு வருவது. மூன்றையும் ரூபாயில் எழுதுங்கள்.
3. தள்ளுபடி கொடுத்தால் யார் பங்கில் கழியும்? கேட்காமல் குறைக்கக் கூடாது என்று எழுதுங்கள்.
4. பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ யார் பொறுப்பு?
5. மாதத்தில் எந்தத் தேதி கணக்கு, எந்தத் தேதி பணம்? பணம் குழுவின் வங்கிக் கணக்குக்கே வரட்டும்.
6. எத்தனை நாளில் விற்காததைத் திருப்பி எடுக்கலாம்? ஓலைப் பொருளை மழைக்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

முதல் தடவை 60 கொடுக்காதீர்கள். 10 கொடுங்கள். அதற்குப் பணம் ஒழுங்காக வந்தால் அடுத்த 10. பாதிப் பணமாவது முன்பணமாகத் தரும் கடை இருந்தால், விலை கொஞ்சம் குறைந்தாலும் யோசித்துப் பாருங்கள். கையில் வந்த காசுக்கு வட்டி ஓடாது.

கடை அலமாரியில் இருக்கும் நம் கூடை, நாம் அந்தக் கடைக்குக் கொடுத்த கடன் மாதிரிதான். அடுத்த கூட்டத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம பொருள் எந்தக் கடையில, எத்தனை இருக்கு?" பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். சீட்டு எழுதத் தெரியவில்லை என்றால் கூப்பிடுங்கள். நாங்களும் கடைக்கு உங்களுடன் வருகிறோம்.